லைன் ஓரத்துக் கீரை

கொரட்டூர் ஸ்டேஷனுக்கு மேற்கே, தண்டவாளத்து மேட்டுக்கும் லைன் வேலை பார்க்கும் கேங்மேன்களின் வீடுகளுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் கிடந்தது. அதை நிலம் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். உடைந்த சல்லி, மக்கிப்போன சிலீப்பர்க் கட்டை, நெருஞ்சி முள். ரயில் போட்ட நாளிலிருந்து யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. யுத்தம் வந்துதான் அதற்கு ஒரு மரியாதையைக் கொண்டுவந்தது.

பர்மா அரிசி நின்று போயிருந்தது. ரேஷன் கடையில் கால்கடுக்க நின்றால் புழுத்த குருணைதான் கிடைத்தது. ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியதிலிருந்து, அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் விளைந்த காய்கறியெல்லாம் நேரே அங்கே வண்டியேறிவிடும். கையகல மண் இருந்தாலும் அதில் எதையாவது விளைவியுங்கள் என்று சர்க்கார் தமுக்கடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

சித்திரை மாதத்து மாலை ஒன்றில் கேங் மேஸ்திரி கோதண்டம் ஐந்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. லைன் ஓரமா இந்த எடம் சும்மா கெடக்குதே, இதுல யாருனா பயிர் வெக்கலாமாம். மேலெடத்து உத்தரவு. ஆனிக் கடைசில லைன் இன்ஸ்பெக்டர் ஐயா தண்டவாளத்து மேல டிராலியில வருவாரு. அன்னிக்குப் பயிர் நிக்கணும். நின்னா வெச்சவங்களுக்கே வுட்டுடுவாங்க. இல்லாங்காட்டி பூந்தமல்லி கங்காதரனுக்குப் பூடும். பட்டாளத்துக்கு வெறகு அடுக்க எடம் கேட்டுகினு கீறாரு."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பகலெல்லாம் சல்லி தட்டிவிட்டு வந்து மறுபடியும் மண்வெட்டி பிடிக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"நான் வெக்கறேன்."

வேம்புலி திரும்பிப் பார்த்தான். சொன்னது அவன் பெண்சாதி கன்னியம்மா.

கன்னியம்மா பிறந்தது அதே கொரட்டூரில், ஏரிக்கரைச் சேரியில். நாற்று நட்டது, களை பறித்தது, கதிர் அறுத்தது எல்லாம் அடுத்தவர் நிலத்தில். நடவுக்கு இறங்கினால் அவள் வரிசை மற்றவர்களுக்கு முன்னால் கரையேறிவிடும் என்று ஊருக்கே தெரியும். களத்தில் நெல் அளக்கும்போது மட்டும் அவளும் அவள் ஆத்தாளும் தள்ளி நிற்க வேண்டும். வேம்புலிக்கு வாழ்க்கைப்பட்டு ரயில் வீட்டுக்கு வந்தபின் வயலில் இறங்குவது நின்றது. கைதான் நிற்கவில்லை, எங்கே போனாலும் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கிப் பார்க்கும்.

"இன்னாமே, யோசிச்சுதான் சொன்னியா?" என்று வீட்டுக்குள் வந்ததும் கேட்டான் வேம்புலி.

"யோசிக்க இன்னா கீது? ஊரான் நெலத்துல எம்மாம் நாள் குனிஞ்சேன். எனக்குன்னு ஒருவாட்டி குனியறேன்."

கல் பொறுக்கி, முள் வெட்டி, அவள் தரையைக் கொத்தி முடிக்கவே பல நாள் ஆயிற்று. முளைக்கீரை விதைப்பதென்று தீர்மானித்தாள். ஆனிக்குள் கைக்கு வரக்கூடியது அதுதான். ஆனால் தரையில் சத்து இல்லை. எருவுக்கு மாடு இல்லை. அப்போதுதான் ஸ்டேஷன் ஓரத்தில் மலை போலக் குவிந்து கிடந்த சாம்பல் அவள் கண்ணில் பட்டது. பிளாட்பாரத்தில் பரப்புவதற்காக கூட்ஸ் வண்டியில் கொண்டுவந்து கொட்டியிருந்த இஞ்சின் சாம்பல்.

கீரைப் பாத்திக்கு அடுப்புச் சாம்பல் தூவினால் பூச்சி வராது, இலை கறுகறுவென்று தழைக்கும். சேரியில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அடுப்பில் ஒரு முறம் சாம்பல் சேர்வதற்கு மாசக்கணக்காகும்; இங்கே மலையே கிடக்கிறது. மேஸ்திரியிடம் கேட்டாள். வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கூடை கூடையாய்ச் சுமந்து வந்து பாத்தியெங்கும் கணுக்கால் புதையக் கொட்டிக் கிளறிவிட்டாள்.

"கெட்டிக்காரிடி நீ" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். கன்னியம்மாவுக்கும் தான் கெட்டிக்காரிதான் என்று தோன்றியது.

விதை முளைத்தது. சிவப்பும் பச்சையுமாக மினுமினுவென்று தலை நீட்டியது. பிறகு ஒருநாள் நுனி கருகியது. இரண்டு வேளை தண்ணீர் தெளித்தாள், இன்னும் கருகியது. மண்மேல் வெள்ளையாக ஒரு பொருக்குப் படிந்து, கையில் எடுத்தால் செதில் செதிலாக உடைந்தது. ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. உப்புக்குப் பின்னால் தீக்குச்சி மருந்தின் நெடி அடித்தது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விறகு எரிந்தால் வருவதும் சாம்பல்தான், நிலக்கரி எரிந்தால் வருவதும் சாம்பல்தான். ஒன்று பயிருக்குச் சோறு, மற்றது விஷம். சேரியில் நிலக்கரியை யார் கண்டார்கள்?

மேஸ்திரி சம்சாரம் பொன்னம்மாள் வேலியோரம் வந்து நின்றாள். கொரட்டூரில் நிலபுலம் உள்ள குடும்பத்துப் பெண். சின்ன வயதில் கன்னியம்மா நாற்று நட்டதெல்லாம் இவள் அப்பன் வீட்டுக் கழனியில்தான்.

"இன்னாடி கன்னியம்மா, வெதச்சது கீரையா, கரியா?"

கன்னியம்மா கருகின நுனியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"கழனி வேலை செய்யறது வேற, கழனி வெச்சிக்கறது வேற. அதுக்குன்னு ஒரு வம்சம் வேணும்டி."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் கன்னியம்மா அன்றோடு விட்டிருப்பாள். இதைக் கேட்டதும் எழுந்து மண்வெட்டியை எடுத்தாள். மேல் மண் முழுவதையும் சாம்பலோடு வழித்து, லைன் மேட்டுச் சரிவில் கொண்டுபோய்க் கொட்டினாள். வேம்புலியும் வேலை முடிந்து வந்து மண்வெட்டியோடு கூட இறங்கினான். வழித்து முடித்தபோது அடியில் வெறும் சரளைதான் மிஞ்சியது. கேங் வீட்டுப் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். விறகு காண்டிராக்டர் கங்காதரன் அந்தப் பக்கமாகச் சைக்கிளில் வந்து ஒரு காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டு, "நல்லா சமமா பண்ணிக் குடுத்துட்டேமே, வெறகு அடுக்க வாட்டமா கீது" என்று சிரித்துக்கொண்டே போனான்.

இனி வேண்டியது மண். நல்ல மண் ஒரே இடத்தில்தான் இருந்தது.

வைகாசியில் கொரட்டூர் ஏரி வற்றி, அடியில் கறுத்த வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வண்டல் ஏரிப் பாசனத்தில் நிலம் உள்ளவர்களுக்கு மட்டுமே பாத்தியம். வெட்டிச் சுமந்து அவர்கள் கழனியில் கொட்டுவது சேரிப் பெண்கள் வேலை. அவர்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு: பொழுது சாயும்போது வெட்டுகிற கடைசிக் கூடை சுமப்பவளுக்கே சொந்தம். குடிசைச் சுவர் பூசவோ, பூசணிக் குழி நிரப்பவோ அவள் அதை வீட்டுக்கு எடுத்துப்போவாள். அதற்குக் கடைக்கூடை என்று பெயர்.

மறுநாள் விடியற்காலை கன்னியம்மா முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினாள். அங்கே கூடை தூக்கிக்கொண்டிருந்த அவள் அண்ணி முனியம்மா வாயைப் பிளந்தாள்.

"இன்னாடி, ரயில்காரன் பொண்டாட்டி மறுபடியும் மண்ணு செமக்க வந்துட்ட? எங்கண்ணன் சோறு போடலியா?"

"சோறு போடறாரு அண்ணி. மண்ணு போடல."

கன்னியம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அன்று நாள் முழுவதும் பெரிய நிலக்காரர் பரந்தாமன் கழனிக்குச் சுமந்தாள். பொழுது சாய்ந்ததும் தன் கடைக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ரயில் பக்கம் நடந்தாள். கொஞ்சதூரம் போனதும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. முனியம்மா, அவள் தலையிலும் கூடை.

"எங்கூட்டுச் சொவரு அடுத்த வருசம் பூசிக்கலாம். நடடி."

அதற்கடுத்த நாள் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்து யார் வருகிறார்கள் யார் வரவில்லை என்று பார்க்கத் தேவையே இல்லாமல் போயிற்று. சாயங்காலம் ஆனால் ஏரிக்கரையிலிருந்து ரயிலடிக்கு ஒரு கறுப்பு வரிசை ஊர்ந்து வரும். தங்கள் குடிசைகளைத் தாண்டித்தான் வர வேண்டும். குடிசைப் பக்கம் ஒருத்தியும் திரும்பவில்லை.

இது பரந்தாமன் காதுக்குப் போகாமல் இருக்குமா? ஒரு மாலை அவர் குடையோடு கரையில் நின்று வரிசையை மறித்தார்.

"ஏரி வண்டல் லைன் பக்கம் போவுதாமே. ரயில்காரனுக்கு ஏரியில ஏது பாத்தியம்?"

பெண்கள் நின்றார்கள். கன்னியம்மா கூடையை இறக்காமலே பேசினாள்.

"ரயில்காரனுக்கு இல்ல சாமி. இது கடைக்கூடை. எங்களுது."

"கடைக்கூடை ஊட்டுக்குத்தான். ஊட்டுக்கு எடுத்துகினு போ, யாரு வேணான்னது?"

"எங்க ஊடு அங்கதான் கீது. இவங்க எனக்குக் குடுக்கறாங்க. செமந்தவ கூடை, அவ எங்க கொட்டனா இன்னா சாமி? உங்க கழனிக்கு நாள் பூரா கொட்டனோமே, ஒரு கூடை கொறஞ்சுதா?"

பரந்தாமன் வரிசையைப் பார்த்தார். அத்தனை தலைகளிலும் கூடை; ஒருத்தியும் இறக்கவில்லை. வண்டல் எடுப்பு முடிய இன்னும் நாள் இருந்தது, மழைக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். நாளைக் காலையில் இவர்கள் வராவிட்டால் கழனி என்ன ஆகும் என்பதை அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"வாயி... எங்கப்பன் காலத்துல இப்பிடி ஒரு வாயி கெடையாது" என்று முணுமுணுத்துக்கொண்டு குடையை மடக்கி வழிவிட்டார்.

வரிசை நகர்ந்தது. கண்ணுக்கெட்டாத தூரம் வந்தபிறகு முனியம்மா சொன்னாள்: "எனக்கு அப்பிடியே ஓடிடலாமான்னு இருந்துச்சிடி. உனக்கு?"

"எனக்கும்தான். தலையில கூடை கனத்துச்சோ, பூமியில நின்னேன்."

அத்தனை பெண்களும் சிரித்த சிரிப்பில் கூடைகள் குலுங்கி மண் உதிர்ந்தது.

மண் வந்துவிட்டது, தண்ணீர் இல்லை. ஐந்து வீட்டுக்கும் பொதுவான கிணறு உப்பு. ஸ்டேஷன் குழாய்த் தண்ணீர் குடிக்கவும் குளிக்கவுமே சரியாகிவிடும், பயிருக்கு மிஞ்சாது. வீடுகளுக்குப் பின்னாலிருந்த குளிக்கிற கல்லிலிருந்து வாய்க்கால் போலக் கீறி, அந்தத் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பினாள். யாராவது கிணற்று உப்புத் தண்ணீரில் குளித்த நாளில் வாய்க்காலை அடைத்துவிடுவாள். உப்பும் சவுக்காரமும் எவ்வளவு தாங்கும் என்று நாலு விதை போட்டுப் பார்த்துத்தான் முழுப் பாத்தியும் விதைத்தாள். ஒருமுறை சூடுபட்டவள் இல்லையா?

பொன்னம்மாளுக்கு இது போதாதா? "ஊர் அழுக்கெல்லாம் கழுவின தண்ணியில கீரையா? கருமம். எங்கூட்டு ஆடுகூடத் துன்னாது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

ஆனி பாதியில் கீரை வந்தது. எப்படி வந்தது! வண்டலின் கொழுப்பில் தண்டு விரல் பருமன், இலை உள்ளங்கை அகலம். அரக்கோணம் லோக்கலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். சல்லி, சிலீப்பர், புகை, கரி என்று போய்க்கொண்டிருக்கிற வழியில் திடீரென்று ஒரு பச்சைப் பாய் விரித்தாற்போல் இருந்தது. கன்னியம்மா அதிகாலையில் எழுந்து வெறுமனே அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வேலை ஒன்றும் இருக்காது. பார்ப்பதே வேலை.

ஆனிக் கடைசி வந்தது. இன்ஸ்பெக்டர் வரவில்லை.

பட்டாள ஸ்பெஷல் ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் டிராலிக்கு லைன் கிடைக்கவில்லை என்றார் கோதண்டம். நாளைக்கு வருவார் என்றார். அந்த நாளையும் போயிற்று. கீரைக்கு இந்த நியாயமெல்லாம் தெரியுமா? தண்டு முற்றத் தொடங்கியது. உச்சியில் பூ கட்டப் பார்த்தது.

ஒரு மாலை முனியம்மா தன் சின்னப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு வாயெல்லாம் புண். குருணைக் கஞ்சியைத் தவிர வயிற்றுக்குள் ஒன்றும் போய் மாதக்கணக்காகிவிட்டது. முனியம்மா கீரை கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் வரும்வரை ஓர் இலையும் தொடக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும். பாத்தியைப் பார்த்தாள், பிள்ளையின் வாயைத் துடைத்தாள், போய்விட்டாள்.

கன்னியம்மா உள்ளே வந்து வேம்புலியிடம் சொன்னாள்: "நாளைக்குப் புடுங்கப் போறேன்யா."

"பைத்தியமாமே உனக்கு? மறுநாளே அவரு வந்து நின்னா?"

"வரட்டும்."

"நெலம் பூடும் கன்னியம்மா. இம்மாம் பாடுபட்டது..."

"முத்திப்போன தண்ட யாரு துன்றது? மண்ணு குடுத்தவங்க ஊட்டுல புள்ளைங்க வாய் வெந்து கெடக்குது. நான் பயிர கண்காட்சி மாரி நிக்க வெச்சிகினு கீறேன். நெலக்காரின்னா இதானா? இதுக்கு நான் கூலிக்காரியாவே கீறேன்."

வேம்புலி எழுந்து பரணிலிருந்து நார்ச்சுருளை எடுத்தான். பிறகு, "கட்டுக் கட்ட வாழைநாரு நனைய வெக்கட்டா?" என்றான்.

ஒரேயடியாக அழிக்காமல் நாளுக்கு ஒரு பாத்தியாகப் பிடுங்கினாள். பிடுங்கின பாத்தியைக் கொத்தி அன்றே மறுபடி விதை தூவினாள். முதல் கட்டுகள் ஏரிக்கரைக்குப் போயின. மண் சுமந்தவள் ஒருத்தியும் விட்டுப்போகவில்லை. பிறகு கேங் வீடுகளுக்கு. பொன்னம்மாள் வீட்டு வாசலிலும் ஒரு கட்டை நீட்டினாள். பொன்னம்மாள் இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு, "குடு, ஆட்டுக்குப் போடறேன்" என்றாள்.

கடைசிப் பாத்தி பிடுங்கின மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார்.

காலையிலேயே சவுக்கு விறகு ஏற்றிய ஒற்றைமாட்டு வண்டியோடு கங்காதரன் வந்து, பாத்திக்கும் வீடுகளுக்கும் நடுவில் இருந்த சந்தில் வண்டியை நிறுத்திவிட்டான். நடுப்பகலில் கேங் ஆட்கள் அங்கேயே புங்கமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். டிராலி கடகடவென்று வந்து நின்றது. தொப்பியும் கால்சராயுமாக இன்ஸ்பெக்டர் ஜானகிராமன், இறங்காமலே நிலத்தைப் பார்த்தார்.

"கோதண்டம், பயிர் எங்கே?"

மேஸ்திரி வாய் திறப்பதற்குள் கங்காதரன் முந்திக்கொண்டான். "மொட்டத் தரையா கீதே, இதுல இன்னா சார் கேக்கறது? வெறக எறக்கிடட்டா?"

கன்னியம்மா வேம்புலிக்குக் கொண்டுவந்த கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"பயிரு இருந்துச்சு சாமி. துன்னுட்டோம்."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். ஜானகிராமனுக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் வரும்போது பயிர் நிற்க வேண்டும் என்றுதானே உத்தரவு?"

"ஆனில வர்றேன்னு சொன்னீங்க சாமி. நீங்க பாவம், லைன் கெடைக்கல. கீரை காத்துகினு இருக்குமா? சாப்பாட்டுப் பயிரு வைங்கன்னாங்க, வெச்சோம், சாப்ட்டோம். அதோ பாருங்க."

அவள் வேம்புலியின் கலயத்து மூடியை எடுத்தாள். கஞ்சிக்குமேல் பச்சையாகக் கீரைக் கடையல். அடுத்தவன் தானாகவே திறந்தான், அதிலும் கீரை. அதற்கடுத்தவனும் திறந்தான். மரத்தடி முழுக்க மூடிகள் திறந்தன. மேஸ்திரி கோதண்டம் மட்டும் தம் அடுக்குப் பாத்திரத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பக்கத்திலிருந்த வயசான கேங்மேன் மதுரைவீரன் துண்டை இழுத்தான். மேல் கிண்ணத்தில் தேங்காய்ப் பூ தூவிய கீரை மசியல், வாசனை எட்டு ஊருக்கு அடித்தது.

"மேஸ்திரி, உங்க ஊட்டு ஆடு நீங்கதானா?" என்று கேட்டான் மதுரைவீரன்.

மரத்தடி அதிர்ந்தது. வேலியோரம் நின்ற பொன்னம்மாள் சட்டென்று உள்ளே போய்விட்டாள். இந்தமுறை இன்ஸ்பெக்டர் உதட்டிலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவர் டிராலியிலிருந்து இறங்கினார்.

"கிட்ட வந்து குனிஞ்சி பாருங்க சாமி" என்றாள் கன்னியம்மா. "அங்கேந்து பாத்தா தெரியாது."

அவர் குனிந்தார். ஒரு பாத்தியில் சிவப்பு முனைகள், பொடிப் பொடியாக, மண் தெரியாமல். முதலில் பிடுங்கி விதைத்த பாத்தியில் இரண்டு இலை. அவர் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கினார்.

"இது இந்த இடத்து மண் இல்லையே."

"இல்ல சாமி. தலையில வந்துது."

அவர் அவளை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். "உன் புருஷன் பெயர் என்ன?"

"அவரு பேரு வேம்புலி. பயிர் வெச்சது நானு. என் பேரு கன்னியம்மா."

சத்தமாகச் சொல்லிவிட்டாள். அவளுக்கே கேட்டது. கழனியில் அவளை 'ஏ பொண்ணு' என்பார்கள். லைன் பக்கம் 'வேம்புலி சம்சாரம்' என்பார்கள். வேம்புலி எழுந்து நின்று, "அவ பேர்லயே எழுதிக்குங்க சாமி. நான் சொன்ன மாரி கேட்டிருந்தா இன்னிக்கு இந்தக் கீரை பூ பூத்து நிக்கும், ஒருத்தனும் துன்னிருக்க மாட்டான்" என்றான்.

ஜானகிராமன் கைமண்ணைத் தட்டிக்கொண்டார். "கோதண்டம், இந்த இடம் கன்னியம்மா பயிருக்கு. காண்டிராக்டரே, விறகுக்கு வேறு இடம் பாரும்."

டிராலி போய்விட்டது. கங்காதரன் வண்டிக்காரனை அதட்டிக்கொண்டு மாட்டைத் திருப்பப் பார்த்தான். சந்து குறுகல், வண்டியோ பாரம். பாத்தி ஓரத்தில் சக்கரம் ஏறினால் ஒழியத் திருப்ப முடியாது. அவன் கன்னியம்மாவைப் பார்த்தான்.

"கொஞ்சம் ஏத்தித் திருப்பிக்கட்டாமே? ஒரு மொழம்தான்."

கன்னியம்மா பாத்தி வரப்பில் போய் நின்றாள். இடுப்பில் கை.

"ஒரு மொழத்துல எம்மாம் கீரை வரும் தெரியுமா அண்ணாத்தே? வெறக எறக்கு. வண்டியத் தூக்கித் திருப்பு. ஆளு வேணும்னா எங்க ஆளுங்க கை குடுப்பாங்க."

கங்காதரன் புங்கமரத்தடியைப் பார்த்தான். ஒருவனும் சாப்பாட்டிலிருந்து எழவில்லை. அவன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, முதல் சவுக்குக் கட்டையைத் தானே இறக்கினான்.